கூட்டின் வழிகளும் பருத்திப்பட்டின் பதமும்

கூட்டு என்றால் "எந்தக் கூட்டு?" என்று திருப்பிக் கேட்பவர்கள் நிறைந்தது நம் பருத்திப்பட்டுச் சங்கம். பொரிச்ச கூட்டு எது, அரைத்துவிட்ட கூட்டு எது என்று நம் உறுப்பினர்களுக்கு விளக்க முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே, மலர்க்குழுப் பெரியவர்கள் பணித்தபடி வழிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பதத்தைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

தஞ்சாவூர் வழியை முதலில் வைப்பது நம் மேடைகளின் வழக்கம். கத்தரிக்காய்க்கு ரசவாங்கி, பாகற்காய்க்குப் பிட்லை. இரண்டிலும் தனியாவும் கடலைப்பருப்பும் மிளகாயும் வறுபட்டுத் தேங்காயோடு அரைபடும். புளி சேராத பொரிச்ச கூட்டில் மிளகுக்கும் உளுத்தம்பருப்புக்கும்தான் மரியாதை; புடலங்காயும் பயத்தம்பருப்பும் அதற்கென்றே விளைந்தவை. இந்தக் கைப்பக்குவத்துக்கு அச்சில் வடிவம் தந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1951இல் 'சமைத்துப் பார்' வெளிவந்த பிறகு, கல்யாணமாகி வெளியூர் போன பெண்களுக்குக் கையில் ஓர் அளவு இருந்தது. அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி அய்யர் எழுதச் சொல்லித் தூண்டியிராவிட்டால் அந்தப் பக்குவம் ஒரு வீட்டோடு நின்றிருக்கும்.

பாலக்காட்டு மொளகூட்டலில் புளிக்கு இடமில்லை. தேங்காய், சீரகம், வற்றல் மிளகாய், அவ்வளவே. புளிப்பு வேண்டியவர்கள் பக்கத்தில் புளிப்பச்சடி வைத்துக்கொள்வார்கள். திருநெல்வேலித் தாளகம் நேர் எதிர். திருவாதிரைக் களிக்குத் துணையாக எள்ளும் துவரம்பருப்பும் வறுத்து அரைத்து, நாட்டுக்காய்களைப் புளியில் வேகவிட்டுச் செய்வது. பிரியாணிக்குத் தோழனான தால்ச்சாவையும் பெரியவர்கள் கூட்டின் உறவாகத்தான் எண்ணினார்கள். கத்தரிக்காயும் மாங்காயும் பருப்பில் அடங்கும் விதத்தை ருசித்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

இத்தனை வழிகளும் பருத்திப்பட்டில் ஒரே தெருவில் மணக்கக் காரணம் பக்கத்து ஆவடிதான். கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. வேலைக்கு வந்த குடும்பங்கள் தத்தம் ஊர்ப் பக்குவத்தையும் கூடவே கொண்டுவந்தன. குவார்ட்டர்ஸ் சுவருக்கு மேலாகக் கிண்ணம் கைமாறியது. நம் சங்கத்தின் விதை அந்தக் கிண்ணங்களில்தான் விழுந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே இந்த மண்ணுக்கென்று ஒரு வழி இருந்தது. அதைத் தொண்டைநாட்டு வழி என்பதா, ஏரிக்கரை வீடுகளின் வழி என்பதா என்ற சர்ச்சை இங்கே வேண்டாம். கீரையையும் கத்தரிக்காயையும் மத்தால் கடைந்த கடைசல் ஒருபக்கம். கடலைப்பருப்புப் போட்டு வடகம் தாளித்த கூட்டு மறுபக்கம். "பெரியம்மா" என்றாலே சங்கத்தில் தெரியும். அந்த அம்மையாரின் அடுப்படியில்தான் இதை எழுதுபவர் கூட்டு கற்றது.

சித்திரை வெயில் ஏறியதும் பெரியம்மா வீட்டு மாடியில் வடகம் தொடங்கிவிடும். இடித்த சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிப்பார். காய்ந்ததை உடைத்துப் பிசைந்து மறுபடி உருட்டிக் காயவைப்பார். உள்ளே ஈரம் சுத்தமாகப் போகும்வரை இது நடக்கும். ஜாடியைத் திறந்தால் எதிர்வீட்டில் கேட்பார்கள், இன்றைக்கு என்ன கூட்டு என்று.

அவர் வைத்த சுரைக்காய்க் கூட்டுக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம். ஊறிய கடலைப்பருப்பு மஞ்சளோடும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயோடும் தனியே வேகும். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். ஆனால் சட்டியில் பருப்பு பருப்பாகவே கிடக்க வேண்டும். பிஞ்சுச் சுரைக்காய் உப்போடு தன் நீரிலேயே வேகும். "பருப்பு வேற, காய் வேற வெந்து வரட்டும்மா. சேந்தப்புறம் ஒரு கொதிதான்" என்பார். உதிர்த்த வடகம் எண்ணெயில் பொரிந்து கருகுமுன் சட்டியில் விழும்; தட்டு உடனே மூடிக்கொள்ளும். இலையில் வைத்தால் அந்தக் கூட்டு சோற்றுப் பக்கம் ஓடாது, கட்டியாகவும் நிற்காது.

பருப்பைத் தனியே வேகவைப்பதற்குக் காரணம் உண்டு. பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு குழையும். புளியின் அமிலம் அதைக் கரையவிடாது. கடின நீரிலுள்ள கால்சியமும் அப்படியே. புளிக்கூட்டில் பருப்பு வெந்த பிறகே புளிக்கரைசல் சேர்த்த நம் பாட்டிமார்களுக்கு இந்த ரசாயனம் கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது.

இப்போது நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறும் நோக்கம் இல்லை. இளைய உறுப்பினர்களில் அருமையான கைகள் உண்டு. ஆனாலும் காய், பருப்பு, வெங்காயம், தக்காளி, பொடி எல்லாவற்றையும் ஒரே குக்கரில் கொட்டி விசில் எண்ணுவது பெருகிவிட்டது. குக்கருக்குள் சூடு 120 பாகை செல்சியஸை எட்டும். பெரியம்மாவும் கடைசிக் காலத்தில் பருப்பை அதில் வேகவைத்தவர்தான். பருப்பு அந்தச் சூட்டைத் தாங்கும். புடலங்காய் தாங்குமா? திறந்தால் காயின் விதை மட்டும் மிதக்கிறது. அந்தத் தண்ணீரைக் கெட்டியாக்க அரிசி மாவு கரைத்து ஊற்றுகிறார்கள். பருப்பு சீக்கிரம் வேகச் சிலர் சோடா உப்பு போடுகிறார்கள். அதில் பி1 வைட்டமின் அழிந்துபோகும். எந்தக் காயானாலும் ஒரே பாக்கெட் பொடி. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே வாசனை.

காய் கிடைக்கவில்லை என்ற சாக்கும் நிற்காது. 2020 மே மாதம் கோயம்பேடு மூடப்பட்டு மொத்தக் காய்கறிச் சந்தை திருமழிசைக்கு வந்தபோது, லாரியிலிருந்து இறங்கிய காய் நமக்குக் கூப்பிடு தூரத்தில் கிடைத்தது. அந்த மாதங்களிலும் பல வீடுகளில் குழைந்த கூட்டுதான்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. பிள்ளைகள் காயை ஒதுக்குவதற்கு இந்தக் குழைசல்தான் காரணம். பந்தியில் கூட்டு தொடப்படாமல் இலையோடு மடிவதும் இதனால்தான். மாடிகளில் வடகம் காயவில்லை. மாமியாரும் மருமகளும் அடுப்படியில் நின்று பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. ஒரு வீட்டுக் கிண்ணம் அடுத்த வீட்டுக்குப் போவதே அரிதாகிவிட்டது. ஊர் ஒன்றாக இருந்ததற்குக் காரணமான ஒரு பண்டத்தின் பதம் போனால் ஊரின் பதமும் போகும் என்றே இதை எழுதுபவர் உறுதியாக நம்புகிறார். சென்ற ஆண்டுவிழாப் பந்தியிலேயே சௌசௌ எது, பருப்பு எது என்று பிரித்தறிய முடியாத ஒன்று பரிமாறப்பட்டது. பெரியவர்கள் சங்கத்தின் பெயருக்காகப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். சங்கத்தின் சமையல் போட்டிக்குக் கூட்டை வீட்டிலிருந்து பாத்திரத்தில் கொண்டுவரும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, நடுவர்கள் கண்முன்னே அடுப்பு மூட்டிச் செய்யவிட வேண்டும். பருப்புக்கும் காய்க்கும் தனித்தனிப் பாத்திரம் என்பது விதியாகட்டும். சங்கக் கட்டட மாடியில் சித்திரை முழுதும் வடகம் காயவைக்க இடம் ஒதுக்கினால், உருண்டை பிடிக்கக் கற்றுத்தரப் பெரியம்மாவிடம் பயின்றவர்கள் நால்வர் தயாராக இருக்கிறார்கள்.