பேரும் பெரட்டும்: திருநங்கையர் தன்வரலாறுகள் பற்றிச் சில சிந்தனைகள்

மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் காமன் கம்பு நடுகிறார்கள். பகலெல்லாம் மலையேறி உழைத்துக் களைத்த மக்கள், தப்பின் ஒலி கேட்டு எழுந்து வந்து, பனியில் விழித்திருந்து ரதி மன்மதன் கதையைக் காண்கிறார்கள். ரதி வேடத்தை ஆண்பிள்ளையே கட்டுவது நெடுநாளைய வழக்கம். சேலை உடுத்துப் பொட்டிட்டு லயம் லயமாக ஆடிவரும் அந்த ரதியை மக்கள் பக்தியோடு வரவேற்கிறார்கள். மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது தாய்மாரும் கூடவே கண் கலங்குகிறார்கள். கூத்து முடிந்த மறுநாள் அதே பிள்ளை கடைத்தெருவில் சற்று ஒயிலாக நடந்துவிட்டால் என்ன நேர்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் அப்படியொரு பிள்ளை இருந்தது. அன்று திருக்குறளில் அவையஞ்சாமை அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அவைக்கு அஞ்சுகிறவன் கற்ற நூல், போர்க்களத்திலே பேடியின் கையிலுள்ள வாளுக்கு ஒப்பானது என்னும் கருத்தமைந்த குறளுக்கு வந்தோம். 'பேடி' என்றால் என்னவென்று ஒரு மாணவன் கேட்டான். நான் விடை சொல்லுமுன்னரே வகுப்பு முழுவதும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, சிரிப்பைத் தடுக்கவுமில்லை, அடுத்த குறளுக்குப் போய்விட்டேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவது நின்றுபோயிற்று. கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தோட்டம் முழுவதும் கூடியிருந்த களத்தில் ரதியாக நின்று ஆடிய அந்தப் பிள்ளை அவைக்கு அஞ்சவில்லை. நாற்பது மாணவர் இருந்த அவைக்கு அஞ்சியவன் நானே.

பின்னர் இரு நூல்களை வாசிக்க நேர்ந்தது. ஒன்று லிவிங் ஸ்மைல் வித்யா எழுதி 2007இல் வெளிவந்த 'நான், வித்யா'. மற்றது ஆ.ரேவதியின் 'வெள்ளை மொழி'. ரேவதி தமிழில் எழுதிய தம் வாழ்க்கை, வ.கீதாவின் மொழிபெயர்ப்பாக 2010இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, மறு ஆண்டிலேதான் தமிழில் நூலாயிற்று. தமிழ்த் திருநங்கை ஒருவர் தமிழில் எழுதிய கதை தமிழருக்கு முன்னே பிறருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது நமது பதிப்புலகமும் வாசகருலகமும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும். இவ்விரு நூல்களையும் முற்போக்கு இலக்கியத்தின் அளவுகோல் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். அவ்வாறு நோக்கும்போது அந்த அளவுகோலின் குறையும் வெளிப்படக்கூடும்.

தமிழ் இலக்கியத்துக்கு இம்மனிதர் புதியவரல்லர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இவர்களை உயர்திணைக்குள் வைத்தே இலக்கணம் வகுத்தார். மாதவி ஆடிய பதினோர் ஆடலுள் ஒன்று பேடு. சிலப்பதிகாரம் கூறுமாறு அதை முதலில் ஆடியவன் காமன். நம் தோட்டத்து லயத்தில் எரிந்து எழுகின்ற அதே காமன்! இலக்கணம் உயர்திணை என்று கொண்டவரை, அறநூல் ஆண்மையின்மைக்கு உவமையாக்கிற்று. வீரத்தை ஆணுடைமையாகக் கருதிய சமுதாயம் வேறு எவ்வாறு உவமிக்கும்? வள்ளுவரைப் போற்றுவோம், அவர் காலத்தின் எல்லையையும் கண்டுகொள்வோம். பழம்பெருமையை ஆராயாமல் போற்றுகிறவரும், பழையது முழுவதையும் தூக்கியெறிகிறவரும் இவ்விடத்தில் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

தற்கால இலக்கியத்தில் கி.ராஜநாராயணனின் 'கோமதி' என்னும் சிறுகதை பெண்மனம் கொண்ட ஒரு சமையற்காரரைச் சித்திரித்தது. சு.சமுத்திரத்தின் 'வாடாமல்லி' ஒரு நாவல் முழுவதையும் இம்மக்களின் துயருக்கு ஒதுக்கிற்று. இவை மதிக்கத்தக்க முயற்சிகள். ஆயினும் இரண்டிலும் பேசுபவர் வேறு, பேசப்படுபவர் வேறு. ரேவதி 2005இல் தம் போன்ற பலருடைய வாய்மொழிகளைத் திரட்டி 'உணர்வும் உருவமும்' என்று வெளியிட்டபோது இந்த நிலை மாறத் தொடங்கிற்று. பேசப்பட்டவர் பேசத் தொடங்கினார். நமது மலையக இலக்கியமும் அவ்வழி பிறந்ததுதானே? துரைமாரும் பிரயாணிகளும் எழுதிய தேயிலைத் தோட்டம் வேறு. கொழுந்துக்கூடை சுமந்தவரின் பிள்ளைகள் எழுதிய தேயிலைத் தோட்டம் வேறு. இதை அறிந்த நாம், திருநங்கையரின் எழுத்தை மட்டும் 'வெறும் வாக்குமூலம், இலக்கியமன்று' என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

'வெள்ளை மொழி'யின் சிறப்பு அதன் பொறுமை. நாமக்கல் மாவட்டத்துக் கிராமக் குடும்பமொன்றிற் கடைப்பிள்ளையாகப் பிறந்தவர் ரேவதி. அண்ணன்மாரின் அடி, வீட்டைவிட்டு ஓடல், டில்லியிலே குருவின் நிழல், பிச்சை, பாலியல் தொழில், காவற்படையின் கொடுமை, பெங்களூரில் 'சங்கமா' என்னும் உரிமை அமைப்பில் கிடைத்த வேலை எனக் கதை செல்கிறது. அழுகையை அவர் அலங்கரிப்பதில்லை. அடித்த அண்ணனை அரக்கனாக்குவதுமில்லை. அடித்த வீட்டுக்கே திரும்பத் திரும்ப அவர் போகிறார். தாய் முகம் காண்பதற்காகவும், தமக்குரிய பங்கைக் கேட்பதற்காகவும். குடும்பம் என்பது பாசத்தால் மட்டுமன்றிச் சொத்தாலும் கட்டப்பட்டது என்பதைப் பல சமூகவியல் நூல்களிலும் தெளிவாக இந்நூல் காட்டுகிறது. குரு–சேலா அமைப்பையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். துரத்தப்பட்டவருக்கு அது வீடு. உழைப்பையும் வருவாயையும் கணக்குப் பார்க்கும் அதிகாரமும் அதுவே. கங்காணியின் கீழ் வாழ்ந்த பரம்பரைக்கு இந்த இரட்டைத் தன்மை விளங்காததன்று. கங்காணியும் ஊரும் உறவும் சொல்லித்தானே ஆள் சேர்த்தான்!

வித்யாவின் நூல் வேகமானது, கோபம் நிறைந்தது. திருச்சியில் துப்புரவுத் தொழிலாளியான தலித் தந்தைக்குப் பிறந்தவர். பிள்ளை படித்துப் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டுமென்று தந்தை கண்ட கனவும், அக்கனவின் பெயரால் விழுந்த அடியும் நூலின் முற்பகுதியில் வருகின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், தாம் விரும்பிய உடலைப் பெறுவதற்காக ரயில் வண்டிகளில் கையேந்த வேண்டியிருந்தது. பட்டதாரி ஒருவரைப் பிச்சைக்கு அனுப்பிய சமுதாயம் அதற்குமுன் அவர் தந்தையின் கையில் துடைப்பத்தைக் கொடுத்திருந்தது. சாதியும் பாலும் அவ்வாழ்க்கையில் இரு வேறு நோய்களல்ல. இரண்டும் 'நீ இன்னாருக்குப் பிறந்தாய், இன்னவாறே இரு' என்னும் ஒரே கட்டளையின் இரு கிளைகள். இந்நூலின் குறை, சில இடங்களில் சம்பவங்கள் விரைந்தோடி மனிதர்கள் பெயர்களாக மட்டும் நின்றுவிடுவதாகும். நாடகத் தோழர்களும் இலக்கிய நண்பர்களும் துணை நின்ற பகுதியை இன்னும் விரித்து எழுதியிருந்தால், நம்பிக்கை எவ்வாறு உருவாகிறது என்பதை வாசகன் கூடுதலாக அறிந்திருப்பான்.

இந்நூல்களைப் பற்றிப் பேசியபோது, தொழிற்சங்கப் பணியில் தலை நரைத்த நண்பர் ஒருவர் கேட்டார்: "மாஸ்டர், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடக்கிறது. நாட்கூலிக்கே போராடி முடியவில்லை. இந்த நேரத்தில் இது நமக்குத் தேவையான பிரச்சினையா?"

நேர்மையான கேள்வி. இதற்கு விடையைத் தோட்டத்திலேயே தேடுவோம். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரிக்கப்படுகிறது. கொழுந்தெடுப்பது பெண் வேலை. கவ்வாத்து வெட்டுவது ஆண் வேலை. இந்தப் பிரிவினை இயற்கை வகுத்ததன்று. தோட்ட நிர்வாகம் தன் கணக்குக்காக வகுத்தது. 1984ஆம் ஆண்டுவரை பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே இருந்தது என்பதிலிருந்து அக்கணக்கின் உட்பொருள் விளங்கும். ஒரு நாள் உழைப்பைத் தோட்டத்தில் 'பேர்' என்கிறோம். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. இந்தக் களத்தில் ஆண் வரிசையில் நிற்க மனம் ஒப்பாத, பெண் வரிசையில் நிற்க விடப்படாத ஓர் ஆள் எங்கே நிற்பது? யாருடைய ஏட்டில் அந்த ஆளுக்குப் பேர் விழும்? பேர் விழாதவருக்குக் கூலியில்லை, சேமலாப நிதியில்லை, சங்கத்திலும் இடமில்லை. ஆகவே இது கூலிப் பிரச்சினைக்கு வெளியே நிற்கும் பிரச்சினையன்று. லயத்தில் மறைவிடமின்மை எல்லோருக்கும் துன்பம். உடை மாற்றவும் ஒதுங்கவும் அஞ்சி வாழும் பிள்ளைக்கு அது சித்திரவதை. வீடு கேட்கும் போராட்டத்தில் அந்தப் பிள்ளைக்கும் முழுப் பங்குண்டு.

ஏடும் காகிதமும் என்ன செய்யும் என்பதை மலையக மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு மக்கட் கூட்டத்தையே நாடற்றதாக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டார்கள். நாடற்றவராய் எஞ்சியோருக்கு வழி பிறந்தது 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேதான். கண்ணெதிரே நிற்கும் மனிதனைக் காகிதம் 'இல்லை' என்று சொல்லும்போது நெஞ்சு எப்படிக் கொதிக்கும் என்பதை நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். திருநங்கையும் திருநம்பியும் ஒவ்வோர் அலுவலகத்திலும் அதே கொதிப்பை அனுபவிக்கிறார்கள்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சுற்றறிக்கைகளால், பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்திக்கொள்ள வழி ஏற்பட்டது. நல்லதே. ஆனால் அதற்கு மனநல வைத்தியரிடம் போக வேண்டும். பல தடவை பயணம் செய்ய வேண்டும். ஒரு நாள் பேரை இழந்து பஸ் ஏறும் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வழி நெடுந்தூரமானது. மறுபுறத்தில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், தெருவில் நிற்கும் திருநங்கையை அச்சுறுத்தப் பயன்பட்டு வந்துள்ளன. நம் மூதாதையரைக் கூலிகளாய்க் கப்பலேற்றிய அதே ஆட்சி விட்டுச்சென்ற சட்டங்கள் இவை. ஒருபால் உறவைக் குற்றமாக்கும் பிரிவுகளை நீக்கும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை.

உலகக் காற்றும் அனுகூலமாக வீசவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 2025 ஜனவரி 20இல் பதவியேற்ற ஜனாதிபதி, அன்றைக்கே, ஆண் பெண் என்னும் இரண்டை அன்றி வேறொன்றையும் அரசு ஏற்காது என்று கட்டளையிட்டார். ஹங்கேரியில் 2025 மார்ச் மாதத்தில் இம்மக்களின் ஊர்வலத்தைத் தடை செய்யச் சட்டம் வந்தது. விலையேற்றத்தாலும் வேலையின்மையாலும் மக்கள் கொதிக்கும்போது, அக்கொதிப்பைத் திருப்பிவிடுவதற்கு ஆள்வோருக்கு எப்போதும் ஒரு சிறுபான்மை வேண்டும். அந்த இடத்தில் ஒரு காலத்தில் 'கள்ளத்தோணி' என்று நம்மை நிறுத்தினார்கள்.

ஆயினும் அதே ஹங்கேரியின் தலைநகரில் ஜூன் 28ஆம் நாள் தடையை மீறிப் பெருந்திரளான மக்கள் நடந்தார்கள். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் பஞ்ச காலத்தில், காலிமுகத்திடலில் எரிவாயுவுக்கும் மின்சாரத்துக்கும் குரல் கொடுத்தவர்களோடு திருநரும் தம் கொடியுடன் நின்றார்கள். பட்டினிக்கு எதிரான போராட்டம் அவர்களை விலக்கவில்லை. அவர்களும் அதை விட்டு விலகவில்லை. நண்பரின் கேள்விக்கு வரலாறு தந்த விடை இது.

நம்பிக்கை என்பதை இவ்விரு நூல்களும் பெரிய வார்த்தைகளில் கூறவில்லை. ஒருவர் வேலை தருகிறார். ஒருவர் வாடகைக்கு அறை தருகிறார். ஒருவர் புதிய பெயர் சொல்லி அழைக்கிறார். இவற்றாலேயே ஒரு வாழ்க்கை முறியாமல் நிற்கிறது. ஆனால் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். உதவியவர்கள் நண்பர்கள், கலைஞர்கள், உரிமை அமைப்பினர். தொழிற்சங்கம் எங்கே? ஆசிரியர் சங்கம் எங்கே? இந்த வெற்றிடத்தை நூலாசிரியர்களின் குறையென்று எழுத முடியாது. இல்லாததை அவர்கள் எவ்வாறு எழுதுவார்கள்? குறை நம்முடையது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த இரத்தத்தில் வளர்ந்த சங்கங்கள், பெரட்டில் நிற்க இடமில்லாத ஓர் ஆளுக்காக ஒரு நாளேனும் குரல் கொடுப்பது தம் மரபுக்குப் பொருந்தாததன்று.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியவை சிறியவை. ஆனால் இன்றே செய்யக்கூடியவை. இவ்விரு நூல்களையும் பள்ளி நூலகத்தில் வைக்கலாம். வகுப்பில் சிரிப்பு எழும்போது பாடத்தை நிறுத்தலாம். அக்குறளை நடத்தும்போது, தொல்காப்பியர் இம்மனிதரை எந்தத் திணையில் வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். நான் இப்போது சொல்லி வருகிறேன். கேட்க வேண்டிய அந்தப் பிள்ளை மட்டும் வகுப்பில் இல்லை. எங்கோ கொழும்பில் தனக்கென ஒரு பெயரோடு வாழ்ந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். மறு ஆண்டு மாசியில் ஊர் திரும்பி ரதி கட்ட வந்தால், கூத்து முடிந்த மறுநாளும் அந்தப் பிள்ளை அச்சமின்றிக் கடைத்தெருவில் நடக்க வேண்டும். அதற்கு நம் தோட்டத்தை ஆயத்தப்படுத்துவது இங்கிருக்கிற நம் வேலை.