துணையின்றித் தொடங்கும் குரல்: கான்ட்லெட் மெட்டின் வலிமை

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 24 அன்று பிற்பகல் 3 மணிக்கு நடைபெறும் ஒன்பது வாசக வழிபாடு, 1919 முதல் ‘ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி’ என்ற சிறுவர் பாமாலைப் பாடலுடனேயே தொடங்கிவருகிறது. அதன் முதற்சரணத்தை எந்த இசைக்கருவியின் துணையுமின்றி ஒரே சிறுவன் பாடுகிறான். 1928 முதல், 1930 நீங்கலாக, ஒவ்வோர் ஆண்டும் பிபிசி இதை ஒலிபரப்புவதால், அவனுடைய முதல் சுரமே உலகெங்கும் கேட்கப்படுகிறது.

பாடலை எழுதியவர் டப்ளினில் பிறந்த செசில் பிரான்சிஸ் அலெக்சாண்டர். விசுவாசப் பிரமாணத்தின் கூற்றுகளைக் குழந்தைகளுக்கு விளக்கும் நோக்கில் 1848இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் இது, கிறிஸ்து கன்னி மரியாளிடத்தில் பிறந்தார் என்ற கூற்றுக்கு உரியது. அடுத்த ஆண்டே இதற்கு மெட்டமைத்தவர் ஆர்கன் கலைஞர் ஹென்றி ஜான் கான்ட்லெட். அம்மெட்டு ‘இர்பி’ எனப்படுகிறது. அதே தொகுப்பிலுள்ள ‘தேர் இஸ் எ கிரீன் ஹில்’ பாடலுக்கு வாய்த்த மெட்டோ, தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே, 1844இல், வில்லியம் ஹார்ஸ்லி அமைத்தது.

இர்பியின் திறம் அதன் கட்டுமானத்தில் இருக்கிறது. கர்நாடக இசையின் சங்கராபரணத்துக்கு இணையான மேஜர் சுரவரிசையில் அமைந்த இது, மந்திர பஞ்சமத்தில் தொடங்கி நிஷாதம் வழியாக சட்ஜத்தை அடைகிறது. இரண்டாம் அடியில் மத்திய பஞ்சமத்தைத் தொட்டு மீள்கிறது. முதலிரு அடிகளின் இசையே அடுத்த இரு அடிகளுக்கும் திரும்ப வருவதால் குரல் நிலைபெற அவகாசம் கிடைக்கிறது. உச்சமான தைவதம் ஐந்தாம் அடியின் தொடக்கத்தில்தான் வருகிறது. அதுவும் ஏற்கெனவே எட்டிய பஞ்சமத்துக்கு ஒரே படி மேலானது. சிறுவனின் பதற்றம் மிகுந்திருக்கும் தொடக்கத்தில் எளிமையையும், குரல் இளகிய பின்னர் உயரத்தையும் கான்ட்லெட் வைத்திருக்கிறார்.

ஆயினும் ஆபத்து இல்லாமல் இல்லை. பருவமாற்றத்தால் உடையாத சிறுவர் குரலான டிரெபிள், துணைச் சுருதி இல்லாதபோது சற்றே இறங்கிவிடக்கூடும். இரண்டாம் சரணத்தைப் பாடகர் குழுவும் ஆர்கன் இன்றியே பாடுவதால் அந்த இறக்கம் அப்படியே தொடரும்; மூன்றாம் சரணத்தில் ஆர்கனும் சபையும் சேரும்போதுதான் பிழை வெளிப்படும். சுமார் 88 மீட்டர் நீளமுள்ள கற்கூடத்தின் எதிரொலியில் அடிகளுக்கிடையே மூச்செடுக்கும் இடமும் கணிக்கப்பட வேண்டியிருக்கிறது. இறுதிச் சரணத்தில் டேவிட் வில்காக்ஸ் அமைத்த ‘டெஸ்கன்ட்’, அதாவது மூல மெட்டுக்கு மேலே டிரெபிள்கள் பாடும் தனி இசைவரி, பாடலுக்குப் பெருமிதம் சேர்க்கிறது.

1982 முதல் 2019 வரை குழுவை நடத்திய ஸ்டீபன் கிளியோபரி, பல சிறுவர்களைப் பயிற்றுவித்து, ஒலிபரப்பு தொடங்கும் தறுவாயில்தான் ஒருவனைச் சுட்டுவார். முன்கூட்டிய அச்சத்துக்கு இடந்தராத இந்த உத்தி பலித்ததற்குப் பயிற்சி ஒரு காரணம் என்றால், தனித்திறனாளி ஒருவனுக்கென அல்லாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டும் வகையில் அமைந்த மெட்டு மற்றொரு காரணம். கிங்ஸ் கல்லூரியின் புகழ்பெற்ற தொடக்கத்தில் பாதி வெற்றி கான்ட்லெட்டுக்கே உரியது.