வேதநாயகர் ஒருவரா, நால்வரா?

மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) என்றதும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒவ்வொரு முகம் தோன்றுகிறது. இலக்கிய மாணவருக்கு அவர் தமிழின் முதல் நாவலைத் தந்தவர். இசை அன்பருக்குச் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளின் ஆசிரியர். நம் கத்தோலிக்க இல்லங்களுக்குத் தேவமாதா அந்தாதி பாடிய பக்தர். சட்டம் அறிந்தோருக்கோ, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' எனத் தந்த முன்சீப். இந்நால்வரும் ஒருவரே என்பதை அறிவோம். ஆனால் ஒருவராக வாசிக்கிறோமா?

வாசகரின் பற்று இருவகைப்படும். ஒன்று, இலக்கிய வகையின்மீது கொள்வது. மற்றொன்று, ஆசிரியரின் உள்ளத்தின்மீது கொள்வது. முன்னது கதை கேட்டுப் பழகியவரைக் கதையோடு நிறுத்திவிடும். பின்னது, ஆசிரியர் எவ்வடிவில் பேசினாலும் அவர் பின்னே செல்லும். வேதநாயகருக்கு நாம் அளித்திருப்பது பெரும்பாலும் முன்னதே.

அவர் வடிவம் மாறியது மனம்போன போக்கில் அன்று. 1859-இல் நீதிநூலைச் செய்யுளில் தந்தார். 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் முன்னுரையிலோ, தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையை நீக்குவதும், முந்தைய நூல்களில் கூறிய நீதிகளை எடுத்துக்காட்டுகளால் விளக்குவதுமே தம் நோக்கம் என்கிறார். செய்யுள் எட்டாத நெஞ்சைக் கதை எட்டும் என்பது அவர் கணிப்பு.

பெண்கல்வியைப் பாருங்கள். 1869-இல் பெண்மதி மாலையில் அதை அறிவுரையாகக் கூறினார். நாவலில் ஞானாம்பாள் ஆணுடை தரித்து அரசாள்கிறாள். அறிவுரையில் வேண்டுகோளாக இருந்தது, கதையில் கண்முன் நிகழ்ந்துவிடுகிறது. அவ்வாறே, தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதை நாவல் எள்ளி நகையாடுகிறது. தீர்ப்புகளைத் தமிழாக்க உழைத்தவரின் எள்ளல் அது என அறிந்து படித்தால், நகைச்சுவைக்குள் இருக்கும் வேதனை புலப்படும். தன்மீது தொடுக்கப்பட்ட வழக்கு எதுவென்றே விளங்காமல் நிற்கும் ஏழையின் வேதனை அது.

குறையும் உண்டு. கிளைக்கதைகளும் நீதியுரைகளும் கதையோட்டத்தைப் பலவிடங்களில் தடுக்கின்றன. 1887-இல் வந்த சுகுண சுந்தரி சரித்திரத்தில் போதகர் குரலே ஓங்கி, முதல் நாவலின் கலகலப்புக் குறைகிறது. ஆசிரியர்மீது பற்றுக்கொள்வது அவர் எழுதிய அனைத்தையும் புகழ்வதன்று. ஒரு வடிவில் தளர்ந்தவர் மற்றொன்றில் ஏன் ஓங்கினார் என்று பொறுமையுடன் கேட்பதே அது.

அந்தாதியை மட்டும் போற்றி நாவலை அலமாரியில் விட்டால், அன்னையைப் பாடிய அதே நாவு ஏழைக்கு நீதி கேட்டதையும் பெண்ணுக்குக் கல்வி கேட்டதையும் நாம் கேளாதவராவோம். அவருடைய நூல் ஒன்றேனும் நம் இல்லத்தில் இருக்குமாயின், அதனருகே மற்றொன்றையும் வைப்போம்; இரண்டையும் சேர்த்தே வாசிப்போம்.