மேசைக்கடியில் ஓடும் மீட்டர்

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ், டிடிபி கடைகளில் ராத்திரி ஷட்டர் இறங்குவதற்கு முன் டியூப்லைட்டும் ஃபேனும் தவறாமல் அணையும். கம்ப்யூட்டர் மட்டும் பல கடைகளில் அப்படியே கிடக்கும். காலையில் முதல் ஆள் வந்து நிற்கும்போது அது ஆன் ஆகிறவரை காத்திருக்க முடியாது என்பது கடைக்காரர்கள் சொல்லும் காரணம். மானிட்டர் இருண்டிருப்பதால் கரண்ட் செலவாகவில்லை என்றே தோன்றும். மேசைக்கடியில் யுபிஎஸ்ஸின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேல்மூடியில் கையை வைத்தால் இளஞ்சூடு தெரியும். அந்தச் சூடும் மீட்டரில் ஏறுகிற மின்சாரம்தான்.

‘வேலை முடிந்தால் அணை, இடைவெளியில் தூங்கவிடு’ என்ற அறிவுரைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1992 இல் ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரையைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பொருள்களே கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். அறிவுரையில் தவறில்லை. ஆனால் அது எங்கே பலிக்கிறது, எங்கே வெறும் மனத்திருப்தியோடு நின்றுவிடுகிறது என்பதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

அலுவலகத்தில் அது நன்றாகவே பலிக்கிறது. எல்சிடி மானிட்டரோடு கூடிய சாதாரண டெஸ்க்டாப் வேலை நேரத்தில் ஏறத்தாழ நூறு வாட் இழுக்கும். மானிட்டர் அணைந்து சிபியு மட்டும் சும்மா ஓடினால் நாற்பது, ஐம்பது வாட். எட்டு மணி நேர வேலைக்கு 0.8 யூனிட், ஆளில்லாத பதினாறு மணி நேரத்துக்கும் அதே 0.8 யூனிட். வேலை செய்ததற்கும் வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கும் ஒரே பில்! வணிக இணைப்பில் யூனிட் பத்து ரூபாயை ஒட்டி நிற்கும்போது, ராத்திரிக்கு மட்டும் ஒரு கம்ப்யூட்டருக்கு மாதம் 240 ரூபாய் ஆகிறது. பத்து கம்ப்யூட்டர் உள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்கு அது 2,400 ரூபாய். தூங்கும் நிலைக்கு மாற்றினால் சிபியு இழுப்பது இரண்டு, மூன்று வாட்தான்.

வீட்டில் கதை வேறு. நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடும் முப்பது வாட் லேப்டாப், இரண்டு மாத பில்லில் ஏழு யூனிட்தான் சேர்க்கும். 2016 இல் இருந்து எல்லா வீட்டுக்கும் முதல் நூறு யூனிட் இலவசம் என்பதால், சிக்கனமான குடும்பத்துக்கு இந்த ஏழு யூனிட்டின் விலை பூஜ்யம். மீட்டர் 500 யூனிட்டை நெருங்கும் வீட்டில் மட்டும் இதே ஏழு யூனிட் கனக்கும். ஐந்நூறைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலை போய்விடும். ஒரே யூனிட்டில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். ரீடிங் எடுக்கும் தேதி நெருங்க நெருங்க நாகல் நகரிலும் ஆர்.எம். காலனியிலும் பெரியவர்கள் மீட்டர் பெட்டியை எட்டிப் பார்ப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த வீட்டில் குறைக்க வேண்டியது லேப்டாப்பை அல்ல. தலைக்கு மேல் சுற்றும் பழைய 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு முப்பது வாட்டுக்குள் ஓடும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், பன்னிரண்டு மணி நேரத்தில் அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். லேப்டாப் நான்கு நாள் குடிப்பதை ஃபேன் ஒரே நாளில் திருப்பித் தந்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு வசதியும் உண்டு. அமெரிக்க வீடுகளில் பிளக் பாயின்ட்டுக்குப் பெரும்பாலும் சுவிட்ச் கிடையாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். சும்மா இருக்கும்போதும் கருவிகள் உறிஞ்சும் மின்சாரத்தை ஒரு வாட்டுக்குள் அடக்கச் சொல்லி சர்வதேச எரிசக்தி முகமை 1999 இல் உலக நாடுகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கிறது. ஷட்டவுன் செய்தபின் அதைத் தட்டினால் ஒரு வாட்கூடப் போகாது. அந்தச் சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால் அது எலக்ட்ரீஷியன் செய்த கோளாறு.

இந்த அறிவுரையோடு சில பொய்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தைச் சேமிக்காது. பழைய குழாய் மானிட்டரில் உருவம் நிலையாகப் பதிந்துவிடாமல் காக்கவே அது வந்தது. கருப்புப் பின்னணியும் எல்சிடி திரையில் பயன் தராது, பின்விளக்கு எப்படியும் எரிகிறது. வெளிச்சத்தைக் குறைத்தால் பலன் உண்டு. அடிக்கடி அணைத்தால் ஹார்ட் டிஸ்க் கெடும் என்பது இன்னொன்று. டெஸ்க்டாப் டிஸ்க்குகள் பொதுவாக 50,000 முறை நின்று ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை. தினம் பத்து முறை அணைத்தாலும் பதின்மூன்று ஆண்டு தாங்கும்.

ஜெராக்ஸ் மெஷினிடம் இந்த நியாயம் செல்லாது. டோனர் தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் உருளை 180, 200 டிகிரிக்குச் சூடாக வேண்டும். தூங்கி எழும் ஒவ்வொரு முறையும் அது ஆயிரம் வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டு வார்ம்-அப் ஆகும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தின் கடைசி நாளில் சான்றிதழோடு பத்துப் பேர் வாசலில் நிற்கும்போது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெஷின் தூங்கப் போனால் வியாபாரம் படுத்துவிடும். கடைக்காரர் அந்த அமைப்பை எடுத்துவிடுவதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. சந்தடி ஓய்ந்த மத்தியானத்தில் அதைத் திரும்பப் போடாமல் விடுவதைத்தான் குறை சொல்லலாம்.

அறிவுரை கண்டுகொள்ளாமல் விட்டது யுபிஎஸ்ஸையும் இன்வெர்ட்டரையும். 2012 இல் சென்னைக்கு வெளியே நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போன காலத்தில் இவை திண்டுக்கல்லின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் குடிவந்தன. அந்த அளவு மின்வெட்டு போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு பகல் நிறுத்துவதும் மழைக்காற்றில் போவதும்தான் மிச்சம். பெட்டிகள் மட்டும் போகவில்லை. 600 விஏ யுபிஎஸ் ஒன்று பேட்டரி நிறைந்த பிறகும் ஐந்து முதல் பத்து வாட் வரை தின்றுகொண்டிருக்கும். நாள் முழுக்கப் போட்டே வைத்தால் இரண்டு மாதத்தில் பத்து யூனிட் ஆகிவிடும். மேலே சொன்ன லேப்டாப் மொத்தமாகக் குடித்ததே ஏழுதான்! கம்ப்யூட்டரைக் கவனமாக அணைத்துவிட்டு யுபிஎஸ்ஸை விட்டுவைப்பவர் அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத் தொலைக்கிறார்.

இன்வெர்ட்டரில் இழப்பு இன்னும் பெரிது. லைனில் வரும் மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாகி ஈய-அமில பேட்டரியில் இறங்குகிறது. கரண்ட் போனதும் மறுபடி மாறுமின்னோட்டமாகிக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே அதை மறுபடியும் நேர்மின்னோட்டமாக்கித்தான் சிப்புகள் ஓடுகின்றன. ஏற்றி இறக்கும் இந்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகிப் போவது சகஜம். சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இந்த இடத்தில்தான் கை வைத்தது. 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்குள் தனி லைனாகவே ஓட்டி, ஃபேன், எல்இடி விளக்கு, செல்போன், லேப்டாப் எல்லாவற்றையும் அதிலேயே இயக்குவது அவர்கள் திட்டம். ராஜஸ்தானில் மின்கம்பி எட்டாத வீடுகளுக்கு அது சூரியத் தகடோடு போய்ச் சேர்ந்தது. மின்கம்பி உள்ள ஊர்களில் அப்படிப் பரவவில்லை. வீட்டு வயரிங்கையும் ஃபேனையும் ஒருசேர மாற்றச் சொல்லும் யோசனைக்கு, கடையில் கேட்டவுடன் கிடைக்கும் இன்வெர்ட்டரோடு போட்டி போடுவது கடினம்.

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் மின்சாரத்தைப் பெரிய அளவில் குறைத்த காரியம், அந்த நோக்கத்தோடு நடக்கவே இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சென்றடைந்தது. நூறு வாட் டெஸ்க்டாப்பும் அதற்கொரு யுபிஎஸ்ஸும் வாங்கியிருக்கக்கூடிய வீடுகள், அந்தப் படியை மிதிக்காமலே முப்பது வாட்டுக்குத் தாவின. மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், லேப்டாப்புக்குள் இருந்த பேட்டரியே யுபிஎஸ் வேலையையும் செய்தது. ‘அணைத்துவிடுங்கள்’ என்று ஒட்டிய எந்த நோட்டீஸும் இவ்வளவு வாட்டைக் குறைத்திருக்காது.

அதற்காக ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது ‘பவர் சேவர்’ வாங்குவதும் சிக்கனம் ஆகாது. ஐ.நா. பல்கலைக்கழகத்தின் எரிக் வில்லியம்ஸ் 2004 இல் வெளியிட்ட ஆய்வின்படி, வீட்டு டெஸ்க்டாப் ஒன்று தன் ஆயுளில் விழுங்கும் மொத்த ஆற்றலில் 81 சதவீதம் அதைத் தயாரிக்கும்போதே செலவாகிவிடுகிறது. குழாய் மானிட்டர் காலத்துக் கணக்கு அது. இன்றைய எண்கள் வேறுபடலாம். ஆனாலும் நன்றாக ஓடும் பெட்டியில் எஸ்எஸ்டி போட்டு இன்னும் நான்கு வருடம் ஓட்டுவதற்கு அது போதுமான நியாயம்.

ஊரின் அளவையும் மறக்கக் கூடாது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் ஒரு ரிங் ஃபிரேமின் மோட்டாரே பல பத்து கிலோவாட் இழுக்கும். அங்கே அலுவலகக் கம்ப்யூட்டரின் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது யானைப் பசிக்குச் சோளப்பொரி. வங்கி, ஆடிட்டர் அலுவலகம், கல்லூரி லேப், இ-சேவை மையம் ஆகியவற்றில் தொகை உறைக்கும். ஆனால் அங்கே அணைக்க வேண்டியவர் வேறு, பில் கட்டுபவர் வேறு. பதினைந்து நிமிடத்தில் தானாகத் தூங்கும்படி லேப் பொறுப்பாளர் ஒருமுறை அமைத்துவிட்டால், ஒவ்வொருவர் பொறுப்புணர்வையும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று 2025-26 பட்ஜெட் அறிவித்தது. டெண்டர் எழுதுகிறவர்கள் பார்க்க வேண்டியது பேட்டரியை. லேப்டாப் பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும். பிறகு பிளக்கைச் செருகியே வைத்திருந்தால்தான் ஓடும். மாற்று பேட்டரி நியாயமான விலையில் திண்டுக்கல்லிலேயே கிடைக்காவிட்டால், அந்த லேப்டாப்புக்கும் மேசைக்கடியில் ஒரு யுபிஎஸ் வாங்க வேண்டியதாகிவிடும்.