நான்கு சுவருக்குள் நிற்கும் பாடத்திட்டம்

2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். கடும் தீக்காயம் பட்டவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கொரோனா ஊரடங்கு நேரம் வேறு. யாரை முதலில் அனுப்புவது என்று மருத்துவர் சொல்லிவிடலாம். எந்த வண்டியில், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, வீட்டாருக்கு யார் தகவல் சொல்வது என்பதெல்லாம் நிர்வாகியின் வேலை. நம் மருத்துவமனை நிர்வாகப் படிப்புகள் இதற்கு ஆளைத் தயார்செய்கின்றனவா?

ஓரளவுக்குச் செய்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகம் 1934இல் மருத்துவமனை நிர்வாகத்தைத் தனிப் பட்டப்படிப்பாக்கியது. மூத்த டாக்டரே நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்வார் என்ற பழக்கத்தை இத்தகைய படிப்புகள் தளர்த்தின. கணக்கு, கொள்முதல், கிடங்கு ஆகியவற்றைத் தனித் திறனாக மதிக்கவும் கற்றுக்கொடுத்தன. அந்தத் திறனின் பலனைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. ஒதுக்கீடு எவ்வளவு, எடுத்த மருந்து எவ்வளவு என்பது அதில் பதிவாகும். மருந்துத் தட்டுப்பாட்டைக் குறைத்ததில் இந்த எளிய ஏற்பாட்டுக்குப் பெரிய பங்குண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இப்படிப்புகளில் பல, எம்.பி.ஏ. சட்டகத்தில் மருத்துவமனையைப் பொருத்தியவை. சந்தைப்படுத்தல், காப்பீட்டுக் கோரிக்கை, படுக்கை நிரம்பும் விகிதம் என்று பாடங்கள் வாசலுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. சுரங்க நகரியமான நெய்வேலியிலோ நோயின் கதை வாசலுக்கு வெளியே தொடங்குகிறது. சுரங்கத் தொழிலாளியை வேலையில் சேரும்போதும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் பரிசோதிக்கச் சட்டம் சொல்கிறது. ஒருவருடைய மார்பு எக்ஸ்ரே தனியாகப் பார்த்தால் வெறும் கோப்பு. ஒரே பிரிவில் வேலை பார்ப்பவர்களின் எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது எச்சரிக்கை. அப்படி வரிசைப்படுத்துவது நிர்வாகத் திறன். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

இந்த நகரியத்தில் மருத்துவமனையும் சுரங்கமும் குடியிருப்பும் என்.எல்.சி. என்ற ஒரே நிறுவனத்துடையவை. இது பெரிய வசதி: ஊழியர் எங்கே வேலை பார்க்கிறார், எந்த பிளாக்கில் குடியிருக்கிறார், என்ன மருந்து சாப்பிடுகிறார் என்ற விவரங்களை ஒன்றாக இணைத்துப் பார்க்கலாம். சிக்கலும் இதுவே. சுரங்கத் தூசிக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தால், நிர்வாகி அதைத் தனக்குச் சம்பளம் தருபவரிடமே சொல்ல வேண்டும். நகரியத்துக்கு வெளியே உள்ள கிராமத்தாரும் ஒப்பந்தத் தொழிலாளரும் அந்தக் கணக்கில் வருவார்களா என்று கேட்கவும் வேண்டும்.

ஆகவே கூடுதலாக ஒரு தாள் சேர்த்தால் போதாது. மாணவரின் களப்பயிற்சியில் பாதியாவது தொழில் நகரங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நடக்க வேண்டும். தொழில்சார் நோயியலும் தொழிலாளர் சட்டமும் விருப்பப் பாடமாக இல்லாமல் கட்டாயமாக வேண்டும். இவ்வளவு செய்தாலும், முதலாளிக்குப் பிடிக்காத அறிக்கையில் கையெழுத்திடும் துணிவை எந்தப் பாடத்திட்டமும் ஊட்டிவிடாது. அதற்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும். அதைத் தர வேண்டியது பல்கலைக்கழகம் அல்ல, அரசு.