இரட்டை முனை பிளேடு

சிவகாசி, திருத்தங்கல் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குபவரின் தாடியில் சாயங்காலம் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். சோப்பு நுரையும் தண்ணீரும்தான் அதை இறக்கும். அதனாலேயே இந்த ஊருக்குப் பழைய இரட்டை முனை ரேசர்தான் சரி என்பேன்.

கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. கைப்பிடியைத் திருகினால் மூன்று துண்டாகக் கழன்றுவிடும். நடுவே 0.1 மில்லிமீட்டர் கனத்தில் பிளேடு. திருகி இறுக்க இறுக்க அது வளைந்து விறைப்பாகும். சூட்சுமமே அந்த வளைவில்தான். அழுத்தக் கூடாது, லேசாகச் சாய்த்து, ரேசரின் கனத்திலேயே இறக்கினால் சரக் சரக்கென்று மயிர் அறுபடுவது காதில் விழும். அப்புறம் ஈர முகத்தில் படிகாரக் கல். என்ன ஒரு சுகம்! பிளேடு சில ரூபாய்தான், நாலைந்து ஷேவ் தாங்கும்.

காலையில் அவசரமாக பஸ் பிடிப்பவர்களுக்கு மின் ரேசர் தோதுதான். தினமும் மழிப்பவர் சல்லடைத் தகடு வைத்ததை எடுக்கலாம். நாள் விட்டு மழிப்பவருக்குச் சுழல் தலை நல்லது. எதை எடுத்தாலும் கடைக்காரரிடம் முதலில் மாற்றுத் தலையின் விலையைக் கேளுங்கள். அது கிடைக்காத மாடலை வாங்கவே வாங்காதீர்கள்.