ஜமைக்கா கால்பந்தை ரசிப்பது எப்படி?

ஜமைக்காவின் கால்பந்து லீக்குகள் தீவின் வரைபடத்தை ஒட்டியே அமைந்தவை. தீவில் மொத்தம் 14 பாரிஷ்கள்; இந்தியாவின் மாவட்டங்களுக்கு ஒப்பான பிரிவுகள் அவை. தலைநகர் கிங்ஸ்டனும் அதைச் சூழ்ந்த செயின்ட் ஆண்ட்ரூவும் கால்பந்தில் ஒரே அலகு. அங்கு ஆட்டங்களை நடத்துவது கே.எஸ்.ஏ.எஃப்.ஏ. என்ற சங்கம். மற்ற 12 பாரிஷ்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே 1910இல் தோன்றிய ஜமைக்கா கால்பந்துக் கூட்டமைப்பு.

பாரிஷ் லீக்கில் வென்ற அணி மண்டல லீக்குக்கு ஏறும். செயின்ட் ஜேம்ஸ், ஹனோவர், வெஸ்ட்மோர்லண்ட், டிரெலானி ஆகிய நான்கும் மேற்கு மண்டலம். தென்மத்திய, கிழக்கு மண்டலங்களிலும் நந்நான்கு பாரிஷ்கள், கிங்ஸ்டன் தனி. நான்கு மண்டல சாம்பியன்களும் தங்களுக்குள் மோதி, அவற்றில் இரண்டு அணிகள் பிரீமியர் லீக்கில் நுழைவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஏறிய வேகத்திலேயே திரும்பி இறங்கிய அணிகள் பல. அண்மை ஆண்டுகளில் மண்டலங்களுக்கும் பிரீமியர் லீக்குக்கும் நடுவே தேசிய அளவில் இரண்டாம் அடுக்கு ஒன்று வந்திருக்கிறது. கீழிருந்து வரும் ஓர் அணியின் உண்மையான பலம் அங்கேதான் தெரியும் என்பதால், புதிய ரசிகர் அதையும் ஒரு கண் பார்த்து வைப்பது நல்லது.

பிரீமியர் லீக்கின் வரலாறு 1970களில் தொடங்குகிறது. இப்போது அதில் 14 அணிகள். புதிதாகப் பார்ப்பவர் பெரும்பாலும் தடுமாறும் இடம் புள்ளிப் பட்டியல். முதலிடத்தில் முடிக்கும் அணி சாம்பியன் ஆகிவிடுவதில்லை. முதல் ஆறு அணிகள் அடுத்த கட்டத்துக்குப் போகின்றன. முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குச் செல்ல, மூன்று முதல் ஆறு வரையிலான இடங்களில் உள்ளவை காலிறுதி ஆடியாக வேண்டும். பட்டத்தைத் தீர்மானிப்பது இறுதி ஆட்டம். ஆண்டு முழுக்க உழைத்து முதலிடம் பிடித்த அணிக்கு இது அநீதி என்று முணுமுணுப்பவர்கள் உண்டு; முணுமுணுப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பருவத்தின் பிற்பகுதியில் ஏழாம், எட்டாம் இடத்து அணிகளின் ஆட்டம்கூடச் சூடு குறையாமல் இருப்பதற்கு இந்த முறையே காரணம். ஆகவே பட்டியலைப் பார்க்கும்போது உச்சியைவிட மூன்று கோடுகளைக் கவனிக்க வேண்டும்: இரண்டாம் இடத்துக்குக் கீழே ஒன்று, ஆறாம் இடத்துக்குக் கீழே ஒன்று, அடியில் வெளியேறும் அணிகளுக்கு மேலே ஒன்று. சண்டை எல்லாம் அந்தக் கோடுகளைச் சுற்றித்தான்.

அணியின் பெயரைக் கேட்டதும் அதன் குடியிருப்பை நினைவில் கொண்டுவரத் தெரிந்தால் ரசனை இரு மடங்காகும். மேற்குக் கிங்ஸ்டனின் டிவோலி கார்டன்ஸ் 1960களில் ஜமைக்கா தொழிலாளர் கட்சியின் எட்வர்ட் சியாகா முன்னின்று கட்டிய குடியிருப்பு. ஆர்னெட் கார்டன்ஸ் 1970களில், மக்கள் தேசியக் கட்சி ஆட்சியில், வீட்டுவசதி அமைச்சர் அந்தோனி ஸ்பால்டிங் காலத்தில் வளர்ந்தது. இரண்டு அணிகளின் மைதானங்களும் இன்று, எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த அந்த இரு அரசியல்வாதிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன. இவ்விரண்டும் மோதும் நாளில் ஒரு சாதாரண ஃபவுலுக்குக்கூடக் கூட்டம் ஏன் அப்படிக் கொதிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வாட்டர்ஹவுஸ் அணியின் பகுதி ஓட்ட வீராங்கனை ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் வளர்ந்த இடம். ஹார்பர் வியூ கிங்ஸ்டனின் கிழக்குக் கடலோரத்தில் இருக்கிறது. தலைநகருக்கு வெளியே மேற்கில் சவன்னா-லா-மாரின் ரெனோ அணி 1990களில் மூன்று முறை சாம்பியன் ஆகி, பிறகு கீழே இறங்கியது. கொரோனாவுக்குப் பின் தொலைக்காட்சிக்காக ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு, மூன்று ஆட்டங்களை நடத்தும் வழக்கம் வந்தது. கிரிக்கெட் ரசிகர்கள் அறிந்த சபினா பார்க்கிலும் லீக் ஆட்டங்கள் நடந்தன. பார்ப்பவருக்கு அது வசதி. சொந்த மண்ணின் ஆரவாரம் குறைந்துபோனது அதற்குக் கொடுத்த விலை.

ஆனாலும் தீவின் உண்மையான கால்பந்துப் பித்தைப் பார்க்க விரும்புபவர் தொடங்க வேண்டிய இடம் பள்ளிக் கால்பந்து. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, 19 வயதுக்கு உட்பட்ட மாணவர்கள் ஆடும் போட்டிகள் இவை. நடத்துவது இஸ்ஸா எனப்படும் மேல்நிலைப் பள்ளிகளின் விளையாட்டுச் சங்கம். தலைநகர் வட்டாரப் பள்ளிகளுக்கு 1909இல் தொடங்கிய மேனிங் கோப்பை. மற்ற பாரிஷ்களின் பள்ளிகளுக்கு 1950இல் தொடங்கிய டகோஸ்டா கோப்பை. இரண்டின் சாம்பியன்களும் ஒலிவியர் கேடயத்துக்காக மோதுவார்கள்; நகரமா நாட்டுப்புறமா என்ற பழைய வழக்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே தீர்க்கப்படும். மேனிங் கோப்பையை அதிக முறை வென்றது ஜமைக்கா காலேஜ். ஊதா நிற உடையில் வரும் கிங்ஸ்டன் காலேஜோ கூட்டத்தை இழுப்பதில் யாருக்கும் சளைத்ததல்ல. பள்ளியை விட்டு முப்பது ஆண்டு ஆனவர்களும் பள்ளி வண்ணத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

ஆட்டத்தில் கவனிக்க வேண்டியவை: ஓரங்களில் வேகம், உடலோடு உடல் மோதும் வலு, ஒற்றைக்கு ஒற்றை நின்று ஏமாற்றும் துணிச்சல். எதிராளியின் கால்களுக்கு இடையே பந்தைத் தட்டிவிடுவதை அங்கே 'சாலட்' என்பார்கள். அதற்கு எழும் கூச்சல் சில சமயம் கோலுக்கு எழுவதைவிடப் பெரிது. பொறுமையாகப் பாஸ் செய்து பந்தைச் சுற்றிச் சுற்றி வைத்திருக்கும் ஐரோப்பியப் பாணியை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்த ஏணியில் வளர்ந்தவர்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு தியோடோர் விட்மோர் சான்று. மொண்டேகோ பேயின் செபா யுனைடெட் அணிக்கு ஆடியவர், 1998 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராக ஜமைக்கா 2-1 என வென்றபோது இரண்டு கோல்களையும் அடித்தார்.

கிளப்புகளுக்கு லீக்குக்கு மேலேயும் ஒரு படி இருக்கிறது. பிரீமியர் லீக்கின் முன்னணி அணிகள் கரீபியக் கோப்பைக்குச் செல்லும். அதை வென்றால் வட, மத்திய அமெரிக்கச் சாம்பியன்ஸ் கோப்பையில் இடம். இளம் வீரர்களை நம்பிக் கட்டப்பட்ட கவாலியர் அணி 2024இல் அந்த வழியே ஏறி, 2025 மார்ச்சில் மெஸ்ஸியின் இன்டர் மயாமியைக் கிங்ஸ்டன் தேசிய மைதானத்துக்கு வரவழைத்தது. மாற்று வீரராக இறங்கிய மெஸ்ஸி கோல் அடிக்க, மயாமி 2-0 என வென்றது. அதே பருவத்தின் லீக் பட்டமும் கவாலியருக்கே கிடைத்தது.